எண்ணெய்க் கறைக்கு அசையாத கட்டம்

டீக்கடை மேசையில், பூக்காரம்மாவின் கூடையில், கோயில் வாசல் செருப்புக் காப்பகத்தில், ஷேர் ஆட்டோவின் முன்கண்ணாடியில் என்று எங்கே திரும்பினாலும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டியிருக்கிறது. "அண்ணே, சில்லறை இல்ல, ஜிபே பண்ணிடவா?" என்ற கேள்வி காதில் விழாத கடைத்தெரு இன்று தமிழ்நாட்டில் அபூர்வம். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யுபிஐ வழியாக நாடு முழுவதும் சுமார் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்திருக்கின்றன. டீக்கும் பூவுக்கும் கொடுத்த பத்து இருபது ரூபாய்களும் அதில் சேர்த்தி.

க்யூஆர் கோடு என்று நாம் சொல்லும் இந்தக் கட்டம் பணம் கொடுப்பதற்காக உருவானதல்ல. அது பிறந்த இடம் ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை.

டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோ நிறுவனத்தில் 1990களின் தொடக்கத்தில் உதிரிபாகப் பெட்டிகளையெல்லாம் பார்கோடு கொண்டுதான் கணக்கு வைத்தார்கள். கோடுகளால் ஆன பார்கோடில் இருபது எழுத்துகளுக்குமேல் அடங்காது. அதனால் ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை வரிசையாக ஒட்டினார்கள். தொழிலாளர்கள் நாளுக்கு ஆயிரம் தடவைவரை அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கவேண்டியிருந்தது. கை ஓய்ந்துபோன அவர்களின் புகார்தான் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரிடம் வந்து சேர்ந்தது. மதிய இடைவேளையில் 'கோ' என்ற பலகை விளையாட்டை ஆடுவது அவருடைய வழக்கம். கட்டம் போட்ட பலகையில் கறுப்புக் காய்களும் வெள்ளைக் காய்களும் பரவிக் கிடக்கும். தகவலை ஒரே திசையில் கோடாக நீட்டாமல் நீளத்திலும் அகலத்திலும் பரப்பினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது அந்தப் பலகையைப் பார்த்துத்தான். 1994இல் கட்டம் வெளியானது. அதில் எண்கள் மட்டும் என்றால் 7,089 வரை அடைக்கலாம்.

நிறையத் தகவலை அடைப்பதைவிட, அதை வேகமாகக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பெட்டியில் வேறு எழுத்துகளும் படங்களும் இருக்கும். கட்டம் சாய்ந்திருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம். கருவிக்கு அது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? க்யூஆர் கோடை உற்றுப் பார்த்தால் மூன்று மூலைகளில் மட்டும் சதுரத்துக்குள் சதுரமாக ஓர் அடையாளம் இருப்பது தெரியும். அதன் நடுவே எந்தத் திசையில் ஒரு கோடு இழுத்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். ஹாராவின் குழு துண்டுப் பிரசுரம், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அச்சிட்டவற்றையெல்லாம் சேகரித்து அளந்து பார்த்தது. அச்சில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தேடி இதைத் தேர்ந்தெடுத்தது. இந்த விகிதம் கண்ணில் பட்டதும் 'இதோ மூலை' என்று கருவி முடிவுகட்டிவிடும். மூன்று மூலையில் அடையாளம் இருந்து நான்காவதில் இல்லாததால் எது மேல், எது கீழ் என்பதும் விளங்கிவிடும். கூட்ட நெரிசலில் போனை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தாலும் நொடிக்குள் படித்துவிடுவது இதனால்தான்.

தொழிற்சாலைத் தரையில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, கீறல் உண்டு. ஒரு பகுதி அழிந்தாலும் படிக்க வேண்டுமே! அதற்குக் கணிதம் துணைக்கு வந்தது. இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்த முறை அது. இசைத்தட்டான சிடியில் கீறல் விழுந்தபின்னும் பாட்டு தடுக்காமல் ஓடியது இதே முறையால்தான். பள்ளிக் கணக்கைக் கொண்டே இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் போதும். ஆனால் அதே கோட்டின்மேல் ஐந்து புள்ளிகளைக் குறித்து வைத்தால், மூன்று அழிந்துபோனாலும் மீதி இரண்டைக் கொண்டு கோட்டைத் திரும்ப வரையலாம். க்யூஆர் கோடிலும் இப்படித்தான், தகவலோடு கணக்கிட்டெடுத்த உபரிப் புள்ளிகளைச் சேர்த்தே அச்சிடுகிறார்கள். எவ்வளவு உபரி வேண்டும் என்பதற்கு நான்கு நிலைகள் உண்டு. உச்ச நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் தகவல் முழுதாகக் கிடைக்கும். நம்மூர்க் கடை அட்டையில் பால் சிந்தியிருக்கும், வடைக்கடை எண்ணெய் படிந்திருக்கும், வெயிலில் ஓரம் வெளுத்திருக்கும். இருந்தும் ஸ்கேன் ஆகிறதே என்று வியக்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். நிறுவனங்கள் க்யூஆர் கோடின் நடுவே தங்கள் சின்னத்தைப் பதிப்பதும் இந்த உபரியின் தைரியத்தில்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்றை டென்சோ செய்தது. காப்புரிமை தன்னிடம் இருந்தும், தரநிலையைப் பின்பற்றி யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. ஒவ்வொரு கோடுக்கும் ஒரு பைசா வசூலித்திருந்தால்கூட அது பெட்டிக்கடை வாசலை மிதித்திருக்காது. ஜப்பானில் 2002 வாக்கில் கேமரா போன்கள் இதைப் படிக்கத் தொடங்கின. சீனாவில் அலிபேயும் வீசாட்டும் பணத்தை இதற்குள் கொண்டுவந்தன. இந்தியாவில் 2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த பணமதிப்பிழப்பும், பிறகு கொரோனாவும் அதைத் தெருவுக்குத் தள்ளின.

கார்டு தேய்க்கும் கருவி அதற்கு முன்பே நம்மிடம் இருந்தது. ஆனால் அது ஜவுளிக்கடையோடும் நகைக்கடையோடும் நின்றுவிட்டது. கருவிக்கு விலையோ வாடகையோ கொடுக்க வேண்டும். அதற்கு மின்சாரம், இணைப்பு, காகிதச் சுருள் எல்லாம் வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு விற்பனையிலும் வங்கிக்கு ஒரு பங்கு போகும். பத்து ரூபாய் டீயில் யாரால் பங்கு கொடுக்க முடியும்? க்யூஆர் கோடு இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. கடைக்காரர் பக்கம் தேவைப்படுவது ஒரு காகிதம்தான். அதில் முக்கியமாக இருப்பதும் அவருடைய யுபிஐ முகவரியும் பெயரும்தான். மூளை வேண்டிய வேலையையெல்லாம் வாடிக்கையாளரின் சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கும் போன் செய்துவிடுகிறது. இந்தக் கட்டம் வென்றதற்கு முதல் காரணமாக நான் சொல்வது இதைத்தான். யாரிடம் பணம் குறைவோ அவர் தலையில் செலவை ஏற்றவில்லை.

போன் முகவரியைப் படிக்கிறது. நீங்கள் தொகையையும் ரகசிய எண்ணையும் போடுகிறீர்கள். யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் கணினிக்குக் கோரிக்கை போகிறது. உங்கள் வங்கி ரகசிய எண்ணைச் சரிபார்த்துத் தொகையைக் கழிக்கிறது. கடைக்காரரின் வங்கி வரவு வைக்கிறது. இருவருக்கும் செய்தி வருகிறது. இத்தனையும் சில நொடிகளில் முடிந்துவிடும். வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்ப்பதோ பிறகு மொத்தமாக. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தால்தான் "பணம் போயிருச்சு, கடைக்கு வரல" என்ற தகராறு வருகிறது. இதற்கு ரிசர்வ் வங்கியின் விதி உண்டு. கடைக்குச் செலுத்திய பணம் இப்படிச் சிக்கினால், ஐந்து நாளுக்குள் அது தானாகவே உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. 2019 முதல் நடப்பில் உள்ள இந்த உரிமையைக் கேட்டு வாங்குவோர் அதிகமில்லை.

மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது ஒரே ஒரு குழப்பத்தை. பணம் பெறுவதற்கு எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், ரகசிய எண்ணும் தேவையில்லை. பழைய சாமானை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி ஒருவர் க்யூஆர் படம் அனுப்பினால், அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுபவரின் பணம்தான் போகும். கடை அட்டையின்மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டுத் தொகையைப் போடுவது நல்ல பழக்கம். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு தொல்லை இருந்தது. பழைய ரசீதுப் படத்தைக் காட்டிவிட்டு நழுவுபவர்கள் இருந்தார்கள். கையில் மாவோடு நிற்பவரால் ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துச் சரிபார்க்க முடியுமா? அதற்கு வந்ததுதான் தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ். உள்ளே சொந்தமாக ஒரு சிம் கார்டு இருப்பதால், வரவு உறுதியானதும் நேராக அதற்கே செய்தி வந்துவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவருக்கும் கல்லாக் கணக்கு காதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் மாத வாடகை உண்டு. காகிதத்தால் விலகியிருந்த செலவு இந்த வழியாகக் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது.

2020 ஜனவரி முதல் யுபிஐக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அரசின் முடிவு. ஆனாலும் கணினிகளை ஓட்ட யாரோ செலவழிக்கத்தானே வேண்டும்? சிறு கடைகளில் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைகளுக்காக 2024–25இல் 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகையை மத்திய அமைச்சரவை ஒதுக்கியது. இது போதாது, கட்டணம் வேண்டும் என்று பணப்பரிவர்த்தனை நிறுவனங்கள் கேட்டுவருகின்றன. பெரிய வணிகர்களிடம் வாங்குவது பற்றி வாதிடலாம். பெட்டிக்கடையிடம் வாங்கத் தொடங்கினால் அடுத்த வாரமே அட்டையைக் கழற்றிவிடுவார்கள்.

காரணம் வேறு என்றாலும், அப்படிக் கழற்றியதற்கு உதாரணமும் உண்டு. 2025 ஜூலையில் பெங்களூருவில் யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. உடனே 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று பல கடைகளில் எழுதி வைத்துவிட்டார்கள். சரக்கு விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் என்ற ஜிஎஸ்டி வரம்பு பலருக்குத் தெரியவே இல்லை. காய்கறி போன்ற வரி விலக்குள்ள பொருளை விற்பவரின் வரவும் மொத்தத்தில் கலந்துதான் தெரியும். கட்டம் ஒவ்வொரு ரூபாய்க்கும் தடயம் விட்டுச்செல்கிறது. அதே தடயத்தைக் காட்டி, ஜாமீன் ஏதும் இல்லாதவர் தொழிற்கடன் பெறவும் முடிகிறது. கந்துவட்டிக்காரரிடமிருந்து ஒரு குடும்பம் விலக உதவும் பதிவேடு, எச்சரிக்கையே இல்லாமல் நோட்டீஸாகத் திரும்பி வந்தால் அந்தக் குடும்பம் மறுபடி ரொக்கத்துக்கே ஓடும். முதலில் விளக்கிச் சொல்லி, பிறகு கணக்குக் கேட்பதுதான் முறை.

பணத்துக்கு வெளியேயும் கட்டம் பரவிவிட்டது. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் நாட்டில் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறைமேல் பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம். மருந்தின் பெயர், தயாரித்தவர், தொகுதி எண், காலாவதி நாள், உரிம எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். போலி மருந்தைப் பிடிக்க இது உதவும். ஆனால் வீட்டில் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு இதைவிட அதிகம் தேவைப்படுவது, இது எதற்கான மருந்து, எதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்ற விவரம். அதைத் தமிழில் எழுதவோ குரலாகக் கேட்கவைக்கவோ தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லை. மருந்துக் கம்பெனிகளும் சுகாதாரத் துறையும் முடிவெடுத்தால் அடுத்த அச்சிலேயே செய்துவிடலாம்.