இமைப்பொழுதினும் சிறிய ஒளித்துடிப்பு

கண்ணிமைக்கும் நேரமே மிகக் குறுகிய பொழுதென நாம் எண்ணுகின்றோம். பௌதிக அறிஞருக்கோ அது நெடுங்காலம். ஒரு செக்கனை இலட்சம் கோடி கூறாக்கினால், ஒரு கூறு பைக்கோ செக்கன் எனப்படும். செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் விரையும் ஒளியும் அதற்குள் 0.3 மில்லிமீற்றரே செல்லும்.

இத்துணைச் சிறுபொழுது வாழும் ஒளியால் யாது பயன்? ஒரு யூல் சக்தியை ஒரு செக்கனில் செலவிட்டால் கிடைக்கும் வலு ஓர் உவாற்று. அதனையே ஒரு பைக்கோ செக்கனில் செலவிட்டாலோ, இலட்சம் கோடி உவாற்று! சக்தி கூடவில்லை, பொழுதே குறுகியது.

இத்தகைய துடிப்புகளை எளிதில் தருவது லேசர் இருவாயி. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரொபேட் ஹோல் குழுவினர் கலியம் ஆர்சனைட்டுப் பளிங்கினால் இதனை ஆக்கினர். இருவாயியில் மின்னோட்டத்தைத் திடீரெனப் பாய்ச்சினால் இலத்திரன்கள் குவிகின்றன. லேசர் ஒளியோ சற்றுப் பிந்தியே எழுகின்றது. அதற்குள் மிகையாகச் சேர்ந்த சேமிப்பு ஒரே வீச்சில் ஒளியாகப் பாய்ந்துவிடும். அடுத்த வீச்சு எழுமுன் மின்னோட்டத்தை நிறுத்தினால், சில பத்துப் பைக்கோ செக்கன் நீடிக்கும் ஒற்றைத் துடிப்புக் கிட்டும்.

ஆயினும் அது நலிந்த துடிப்பு. எர்பியம் கலந்த கண்ணாடி இழையினூடே செலுத்தி அதனைப் பெருக்கலாம். அவ்விழைக்குச் சக்தி ஊட்டுவதும் வேறொரு லேசர் இருவாயியே. துடிப்புக் கடந்து செல்கையில் எர்பியம் அயன்கள் தாம் பெற்ற சக்தியை அதே ஒளியாக அதனுடன் சேர்க்கின்றன.

இங்கேதான் இடர் தோன்றுகின்றது. குறுகிய துடிப்பை அளவிறந்து பெருக்கினால், பெருக்கும் பொருளே சிதைந்துவிடும். இதற்கு வழி கண்டவர்கள் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஜெரார் மூரு என்பாரும் அவர்தம் மாணவி டொனா ஸ்ட்ரிக்லண்டும் ஆவர். துடிப்பின் நிறக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து முதலில் அதனை நீட்டினர். வலுக்குன்றிய அந்நிலையில் பெருக்கினர். பின்னர் மீண்டும் சுருக்கினர். 1985ஆம் ஆண்டில் வெளியான இம்முறைக்காக இருவரும் 2018ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசிற் பங்கு பெற்றனர்.

இதன் பயனை இன்று கண் மருத்துவத்திற் காண்கின்றோம். பைக்கோ செக்கனிலும் குறுகிய துடிப்புகள், வெப்பம் சுற்றிலும் பரவுமுன்னரே விழிவெண்படலத்தை நுண்ணிதாக வெட்டிவிடுகின்றன. கிட்டப்பார்வையுடையோர் பலர் மூக்குக்கண்ணாடியின்றி நடமாட இது துணை செய்கின்றது. பெருஞ்சக்தி அன்று, சிறுசக்தியை உரிய பொழுதில் ஒருங்கு செலுத்தும் அறிவே இங்கு வென்றது. இதனை நம் மாணவர் உணர்வாராக.