கருத்துக்களைக் கோத்துக் காட்டும் படம்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு ஒரு கவலை உண்டு. பிள்ளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ பாடத்தைத் தடையின்றி ஒப்பிக்கிறான். அதன் பொருள் யாது என்று வீட்டில் தமிழிற் கேட்டால் விழிக்கிறான். சொற்கள் மனத்தில் தங்கின; அவற்றைப் பிணைக்கும் பொருள் தங்கவில்லை. இக்குறையைப் போக்க உதவும் ஒரு முறையே கருத்துப்படம்.

அமெரிக்காவில், கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் நோவாக் தம் குழுவினருடன் 1972-ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். சிறுவரின் அறிவியல் அறிவு வளரும் விதத்தை அறிய அவர்களைப் பேட்டி கண்டபோது, குவிந்த விடைகளைச் சுருங்கக் காண ஒரு வழி தேவைப்பட்டது. முன்பே அறிந்தவற்றோடு புதியதை இணைப்பதே பொருளுணர்ந்த கல்வி என்னும் டேவிட் ஆசுபெல்லின் கொள்கை இதற்கு அடிப்படை.

முறை எளியது. முதலில் ஒரு வினாவை அமைத்துக்கொள்ள வேண்டும். "மழை எவ்வாறு உண்டாகிறது?" என்பது வினாவாயின், கடல்நீர், வெயில், நீராவி, மேகம் ஆகிய சொற்களைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதிக் கோடுகளால் இணைக்கலாம். கோட்டின்மீது எழுதும் இணைப்புச் சொல்லே இப்படத்தின் உயிர். நீராவிக்கும் மேகத்துக்கும் இடையே வெறுங்கோடு இழுப்பது எளிது. "மேலே சென்று குளிர்ந்து உருவாக்குவது" என்று எழுதுபவனே பொருளை உணர்ந்தவன். எழுத இயலாமல் பிள்ளை தயங்கும் இடம் எதுவோ, அதுவே ஆசிரியர் மீண்டும் விளக்க வேண்டிய இடம்.

காகிதத்தில் ஒரு கட்டத்தை மாற்ற விரும்பினால் படம் முழுவதையும் அழித்தெழுத நேரும். கணினி இத்தொல்லையைத் தீர்க்கிறது. புளோரிடாவிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய சிமேப் டூல்ஸ் போன்ற மென்பொருள்களில், கட்டத்தை நகர்த்தினால் கோடும் உடன் நகரும். எனவே மாணவர் தம் எண்ணத்தை அஞ்சாமல் திருத்துவர்.

ஆயினும், கருவி சிந்தனையாகாது. ஆசிரியரே வரைந்து கொடுத்த படம், மனப்பாடம் செய்வதற்குரிய மற்றொரு பாடமாகிவிடும். பிள்ளையே வரைதல் வேண்டும்.

கணினி இல்லாத வீட்டிலும் ஒரு தாளும் பென்சிலும் போதும். கட்டங்களிற் பள்ளி மொழிச் சொற்களையும், கோடுகளின்மீது தமிழையும் எழுதச் செய்து பாருங்கள். பிள்ளை கற்ற பாடம் வீட்டு மொழியிலும் வேரூன்றும். பெற்றோரும் அக்கல்வியிற் பங்கு கொள்ளலாம் அன்றோ?