விளம்பரத்துக்கு சினிமாப் பாட்டு: யாரிடம் கேட்பது, எதை எழுதி வாங்குவது

எல்லோருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டை விளம்பரத்தில் சேர்க்க ஒருவரிடம் மட்டும் அனுமதி வாங்கினால் போதாது. ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்துகள் இருக்கின்றன. பாடலாசிரியர் எழுதிய வரிகள் ஒன்று. இசையமைப்பாளர் போட்ட மெட்டு இன்னொன்று. ஸ்டுடியோவில் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மூன்றாவது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இவற்றைத் தனித்தனியாகவே பாதுகாக்கிறது. ஒலிப்பதிவு பெரும்பாலும் ஆடியோ கம்பெனியின் கையில் இருக்கும். வரிகளும் மெட்டும் தயாரிப்பாளர் வழியாக அதே கம்பெனிக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அதை விசாரிக்காமல் விட்டவர்களுக்குத்தான் வக்கீல் நோட்டீஸ் வருகிறது.

வடசென்னை எர்ணாவூரில் ஒரு பிரியாணிக் கடை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறப்புக்கு முந்தைய நாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர் வரை சுற்றிவரும். லோக்கல் கேபிளில் அரை நிமிட விளம்பரம் ஓடும். கடை முதலாளியின் மகன் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுவார். மூன்றிலும் பின்னணியில் ஒரே ஹிட் பாட்டுதான். சட்டத்தின் கணக்கில் இவை மூன்று வேறு வேறு பயன்பாடுகள். தெருவில் ஒலிக்க விடுவது பொதுவெளியில் நிகழ்த்துவது. கேபிளில் காட்டுவது, காட்சியோடு பாட்டைச் சேர்ப்பதும் அதை ஒளிபரப்புவதும். ரீல்ஸில் போடுவது, காட்சியோடு சேர்த்து இணையத்தில் பரப்புவது. காட்சியோடு பாட்டைச் சேர்க்கும் உரிமையைத் தொழிலில் 'சிங்க் லைசென்ஸ்' என்பார்கள். கடைக்குள் பாட்டு ஒலிக்க விடுவதற்காக வருடக் கட்டணம் கட்டி வாங்கிய லைசென்ஸ் இதற்குச் செல்லாது.

ஆட்டோ விளம்பரத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. பிரபலமான மெட்டை எடுத்துக்கொண்டு, வரிகளை மட்டும் கடைப் பெயருக்கும் பிரியாணி விலைக்கும் ஏற்ப மாற்றி, உள்ளூர்ப் பாடகர் ஒருவரைப் பாட வைப்பது. அசல் ஒலிப்பதிவைத் தொடவில்லை, அசல் வரிகளும் இல்லை, ஆகவே சிக்கல் இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். மெட்டு இன்னும் இசையமைப்பாளருடையது அல்லது அவரிடமிருந்து உரிமை பெற்றவருடையது. அதற்கு அனுமதி வேண்டும். அதோடு, சட்டத்தின் 57ஆவது பிரிவு படைப்பாளிக்குத் தார்மீக உரிமை ஒன்றைத் தருகிறது. காப்புரிமையை விற்றுவிட்ட பிறகும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைத்தால் அவர் வழக்குப் போடலாம். தேர்தல் நேரத்தில் மெட்டுக்குப் பாட்டெழுதும் கட்சிக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

ரீல்ஸ் விஷயத்தில் இதைவிடப் பெரிய குழப்பம் உண்டு. இன்ஸ்டாகிராமின் இசைப் பட்டியலில் இருக்கும் பாட்டுகள் தனிநபர் பயன்பாட்டுக்காக அந்த நிறுவனம் உரிமம் வாங்கியவை. வியாபாரக் கணக்குகளுக்குக் காட்டப்படும் பட்டியல் சிறிதாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். தனிநபர் கணக்கிலிருந்து ஹிட் பாட்டைப் போட்டுக் கடையை விளம்பரப்படுத்தினாலும் அது விளம்பரம்தான். அந்த உரிமம் அதைக் காப்பாற்றாது. யூடியூப்பில் 'கிளெய்ம்' வேறு, 'ஸ்ட்ரைக்' வேறு. கிளெய்ம் வந்தால் வீடியோவின் வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது வீடியோ முடக்கப்படலாம். உரிமையாளர் புகாரால் வீடியோ நீக்கப்பட்டால் அது ஸ்ட்ரைக்; 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சானலே போய்விடும்.

பத்து விநாடிக்குள் இருந்தால் கேட்க வேண்டாம் என்று ஒரு விதியும் சட்டத்தில் இல்லை. 'இசை உரிமை உரியவர்களுக்கே' என்று கீழே எழுதிவைத்தால் அது அனுமதி ஆகாது. அடுத்தவர் சொத்து என்று தெரிந்தே எடுத்ததற்கான ஒப்புதல் வாக்குமூலமாகவே அது நிற்கும். லாப நோக்கம் இல்லை என்ற சமாதானமும் பல நேரங்களில் எடுபடாது. 2022 நவம்பரில், பாரத் ஜோடோ யாத்திரை வீடியோவில் கே.ஜி.எஃப். இரண்டாம் பாகத்தின் பாட்டை அனுமதியின்றிச் சேர்த்ததாக பெங்களூரு எம்.ஆர்.டி. மியூசிக் புகார் கொடுத்தது. காங்கிரஸ் கட்சியின் ட்விட்டர் பக்கத்தையே தற்காலிகமாக முடக்கும்படி அங்குள்ள வணிக நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுநாள் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. ஆனால் அந்த வீடியோக்களை எடுத்துவிட வேண்டும் என்பதே நிபந்தனை. தேசியக் கட்சிக்கே இந்த நிலை என்றால், ரத்ததான முகாமுக்கு வீடியோ போடும் நற்பணி மன்றமும் யோசித்துத்தான் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விலக்குகளும் உண்டு. உண்மையான மதச் சடங்கில் பாட்டு ஒலிப்பதும், அரசோ உள்ளாட்சியோ நடத்தும் அதிகாரபூர்வ விழாவில் ஒலிப்பதும் மீறல் அல்ல. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தையொட்டிய விருந்து விழாக்களும் அந்த விலக்குக்குள் வருகின்றன. இதற்காக யாரும் கட்டணம் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒன்றிய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை 2023 ஜூலையில் பொது அறிவிப்பே வெளியிட்டது. கல்யாண மண்டபத்தில் லைசென்ஸ் கட்டணம் கேட்டு வருபவரிடம் இதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் கல்யாண வீடியோவை எடுத்துத் தன் தொழிலுக்கு விளம்பரமாகப் போடும் ஸ்டுடியோவுக்கு இந்த விலக்கு கிடையாது.

'அனுமதி வாங்கிவிட்டோம்' என்று சொல்பவர்களும் மாட்டிக்கொள்வதற்குத் தமிழ் சினிமாப் பாட்டுகளே சாட்சி. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் 1991இல் வந்த 'குணா' படப் பாட்டைப் பயன்படுத்தியது. 2024 மே மாதம் அதற்கு இசையமைத்த இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. பாட்டின் உரிமையை வைத்திருப்பவர்களிடம் முறைப்படி வாங்கியதாகத் தயாரிப்பாளர்கள் பதில் சொன்னார்கள். பிறகு பணம் கொடுத்துச் சமரசம் ஆனதாகச் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு 'குட் பேட் அக்லி' படத்தில் அவருடைய மூன்று பாட்டுகள் பயன்பட்டதை எதிர்த்து வழக்கு. அங்கேயும் உரியவர்களிடம் அனுமதி பெற்றதாகவே பதில். 2025 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யும். பழைய பாட்டுகளுக்கு இசையமைப்பாளரா, தயாரிப்பாளரா, ஆடியோ கம்பெனியா யார் உரிமையாளர் என்ற கேள்வி பல படங்களுக்கு இன்னும் தீரவில்லை. சின்ன விளம்பரதாரர் அந்தச் சண்டைக்கு நடுவே போய் நிற்கக் கூடாது என்பதுதான் கவனிக்க வேண்டியது. உரிமை பற்றித் தகராறு இருக்கிறது என்று தெரிந்தால் வேறு பாட்டைத் தேடுவதே விவேகம்.

பாட்டு பழசாகிவிட்டால் பொதுச் சொத்தாகிவிடும் என்பது பாதி உண்மை. வரிகளுக்கும் மெட்டுக்கும் படைப்பாளி இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். இரண்டு கணக்கும் ஒன்றாக முடிவதில்லை. 1958இல் வந்த 'பதிபக்தி'யை எடுத்துக்கொள்ளலாம். பாட்டெழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் இறந்தார்; அந்த வரிகளின் காப்புரிமைக் காலம் 2019 முடிவோடு தீர்ந்தது. ஒலிப்பதிவின் காலம் அதற்கு முன்பே, 2018 முடிவில் தீர்ந்தது. ஆனால் மெட்டு விஸ்வநாதன் ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து போட்டது. கூட்டுப் படைப்பு என்றால் கடைசியாக இறந்தவரின் ஆண்டே கணக்கு, இருவரில் கடைசியாக விஸ்வநாதன் இறந்தது 2015இல். ஆகவே அந்த மெட்டு 2075 முடியும்வரை காப்புரிமைக்குள் இருக்கும். 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' கதை வேறு. வரிகள் பாரதியுடையவை. மெட்டு ஜி. ராமநாதனுடையது, அவர் 1963இல் இறந்ததால் 2023 முடிவில் அதன் காலமும் தீர்ந்தது.

பாரதி பாட்டுகள் விடுதலை பெற்றது ஒரு தனி வரலாறு. அவற்றின் சினிமா, இசைத்தட்டு உரிமைகள் படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் இருந்தன. 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்திய டி.கே. சண்முகத்துக்கு நோட்டீஸ் போனதும், மகாகவியின் பாட்டு ஒருவருடைய தனிச்சொத்தாக இருக்கலாமா என்ற கிளர்ச்சி தமிழ்நாடெங்கும் எழுந்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு பாரதி நூல்களின் உரிமையைத் தன்வசம் எடுத்தது. மெய்யப்பன் தன் உரிமையை விலை பேசாமல் விட்டுக்கொடுத்தார். இப்படிப் பொதுவுடைமையானதால் இன்று பாரதி வரிகளை எந்தக் கடை விளம்பரத்திலும் பாடலாம். அதற்குப் புது மெட்டுப் போட்டு, புதிதாகப் பதிவு செய்துகொண்டால் ஒருவரும் கேட்க முடியாது. யாரோ சமீபத்தில் போட்ட மெட்டை எடுத்தால் மட்டும் அந்த இசையமைப்பாளரைக் கேட்க வேண்டும்.

அனுமதி வாங்குவது என்று முடிவு செய்தவர் முதலில் ஒலிப்பதிவின் உறையிலோ யூடியூப் விவரத்திலோ எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. ஒலிப்பதிவு, மெட்டு, வரிகள் மூன்றையும் விளம்பரத்துக்குக் கொடுக்கும் உரிமை தங்களிடம் இருக்கிறதா, அது எந்த ஒப்பந்தத்தின்படி வந்தது என்பதுதான். விளம்பரத்துக்கு அரசு நிர்ணயித்த விலை எதுவும் கிடையாது. எத்தனை விநாடி, எந்த ஊடகம், எந்த ஊர், எவ்வளவு காலம், வேறு கடைக்கும் கொடுப்பார்களா என்பதைப் பொறுத்துப் பேரம்தான்.

பேசியதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். உரிமம் எழுத்தில்தான் செல்லும் என்பது 30ஆவது பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். மூன்றாம் நபர் யாராவது உரிமை கோரி வந்தால் செலவையும் நஷ்டத்தையும் உரிமம் கொடுத்தவரே ஏற்பார் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த ஒரு வரிதான் சின்ன வியாபாரிக்கு உண்மையான பாதுகாப்பு. விளம்பர ஏஜென்சி வழியாகச் செய்தாலும் அசல் உரிமப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். நோட்டீஸ் வரும்போது அது ஏஜென்சியின் பெயருக்கு மட்டும் வராது, கடையின் பெயருக்கும் வரும்.

இவ்வளவு அலைச்சலுக்குப் பதில், வடசென்னையிலேயே இருக்கும் கானாப் பாடகர் ஒருவரிடம் கடைக்கென்று புதுப் பாட்டு போட்டு வாங்குவது எல்லா வகையிலும் மேல். செலவு குறைவு, பாட்டும் ஊருக்குச் சொந்தமானதாக ஒலிக்கும். ஆனால் பணம் கொடுத்துவிட்டதாலேயே வரிகளும் மெட்டும் கடைக்காரருடையவை ஆகிவிடாது. எழுதி வாங்கினால்தான் ஆகும்.

பாட்டுக்காரர்களின் உரிமை இங்கே அதிகம் பேசப்படாத பக்கம். எண்ணூர் கழிமுகத்தின் சாம்பல் மேட்டில் படமாக்கி 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்கு பாடல்' விழிப்புணர்வுக்காகச் செய்தது. அதிலும் வரிகள் கபேர் வாசுகியுடையவை, இசையமைப்பில் ஆர்.கே. ஸ்ரீராம்குமாரின் பங்கு உண்டு, குரல் டி.எம். கிருஷ்ணாவுடையது, காட்சி ரதீந்திரன் பிரசாத் இயக்கியது. இத்தனை பேர் உழைப்பு ஒரு வீடியோவில் இருக்கிறது. புகழ் கிடைத்தால் பணம் தானாக வரும் என்ற நம்பிக்கையும் தவறு. 2021இல் உலகமெங்கும் ஒலித்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டிலிருந்து, அதை உருவாக்கிய தங்கள் மூவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்.

கானா எழுதுபவர் எவருக்கும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தெரிந்திருக்க வேண்டும். சினிமாவில் சேர்ந்த பாட்டு தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு வெளியே எங்கே பயன்பட்டாலும், எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. சினிமாவில் சேராத தனிப் பாட்டுக்கும் அப்படியே. இந்தப் பங்கை முதலாளிக்கு எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாகப் போட்ட கையெழுத்தைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை. பாட்டை எழுதிய நாளிலேயே செல்போனில் பாடிப் பதிவு செய்து, தனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்வது பின்னால் சாட்சியாக உதவும். காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்தால் வழக்கில் பலம். வரிகளுக்கும் மெட்டுக்கும் ஒரு படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

அண்மைக் காலத்தில் குரலும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றுப் பணமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் 2024 ஜனவரியில் தெரிவித்தார். மலிவான செயலியில் பிரபலப் பாடகரின் குரலை உருவாக்கிக் கடை விளம்பரம் செய்பவர்கள் பின்பற்ற வேண்டிய வழி அது.

நோட்டீஸ் வந்துவிட்டால் முதல் வேலை, சம்பந்தப்பட்ட வீடியோவை உடனே நிறுத்துவது. பிறகு, அனுப்பியவருக்கு அந்தப் பாட்டில் எந்த உரிமை, எந்த ஒப்பந்தத்தால் வந்தது என்று எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காமல் பணம் கட்டக் கூடாது. ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் உரிமை கோருவது இங்கே சாதாரணம். உரிமையே இல்லாதவர் வீணாக மிரட்டினால் 60ஆவது பிரிவின்கீழ் அவர்மீதே வழக்குப் போடலாம். உரிமை உண்மை என்றால் பேசித் தீர்ப்பதே நல்லது. தெரிந்தே செய்த மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

தன் பாட்டை அடுத்தவர் எடுத்துக்கொண்டால், எடுத்த வீடியோவை முழுதாகப் பதிவிறக்கி, இணைப்பையும் தேதியையும் குறித்துவைத்துக்கொண்டு, அந்தத் தளத்திலேயே புகார் கொடுக்கலாம். எழுத்துப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அந்த இணைப்பை நிறுத்திவைக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அது மீண்டும் வெளிவரலாம். அதனால் அந்த மூன்று வாரத்துக்குள் வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். எதிராளி எந்த ஊரில் இருந்தாலும், பாட்டுக்காரர் தான் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 62ஆவது பிரிவு வழி செய்கிறது. மும்பைக்கோ பெங்களூருக்கோ அலைய வேண்டாம். வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.