பழைய கார்களும் "புத்துயிர்" தரும் குப்பிகளும்

புது தில்லி: தலைநகரில் பழைய கார் வைத்திருப்போருக்குக் கடந்த சில ஆண்டுகள் நிம்மதியற்றவை. தேசியத் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும், 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தகைய வாகனங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் எரிபொருள் வழங்கக் கூடாது என்ற முடிவு, கடும் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில், வயதை மட்டுமே காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தர வாகனங்களுக்கு மட்டுமே என வரையறுக்கப்பட்டது.

இவ்வாறு தாற்காலிகமாகத் தப்பிய கார்களை மேலும் சில ஆண்டுகள் ஓட்ட விரும்புவோரின் கண்ணில் படுபவை, உதிரிபாகக் கடைகளில் விற்கப்படும் "ஆயில் அடிட்டிவ்" குப்பிகள். என்ஜின் ஆயிலுடன் கலந்தால் தேய்மானம் குறையும், புகை நிற்கும், இழுவிசை கூடும் என்பவை இவற்றைப் பற்றிய வாக்குறுதிகள். இவற்றில் உண்மை எவ்வளவு?

ஆயிலிலேயே உள்ளவை

தரமான என்ஜின் ஆயில் வெறும் எண்ணெய் அல்ல. அதில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் வரை சேர்மானப் பொருள்களே. கசடு படியாமல் தடுப்பவை, அழுக்கை எண்ணெயிலேயே மிதக்க வைப்பவை, சூட்டில் எண்ணெய் மிகவும் நீர்த்துப் போகாமல் காப்பவை, உலோகத் தேய்மானத்தைக் குறைக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் ஆகியவை அளந்து கலக்கப்பட்டு, சோதனைகளுக்குப் பிறகே தரச் சான்று பெறுகின்றன. அந்தக் கலவையில் மேலும் ஒரு குப்பியை ஊற்றுவது, நோயாளி தானாகவே மருந்தின் அளவைக் கூட்டிக்கொள்வதற்கு ஒப்பானது.

இதனால் தீங்கும் நேரலாம். எரிந்த ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகைக் குழாயில் பொருத்தப்பட்டுள்ள வினையூக்கி மாற்றியைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும். நச்சு வாயுக்களைக் குறைக்கும் இக்கருவி, தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களிலும் 1995 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. இதைக் காக்கவே, புதிய தரப் பிரிவுகளைச் சேர்ந்த பெட்ரோல் என்ஜின் ஆயில்களில் பாஸ்பரஸின் அளவு 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

ஆதாரம் கேட்ட அமெரிக்கா

இந்த விளம்பரங்களை நம்பி அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பணம் செலவிடப்பட்டது. எஸ்.டி.பி. சேர்மானத்தின் விளம்பரங்கள் தொடர்பான வழக்கில், அதன் உரிமையாளரான நிறுவனம் 1995-இல் 8.88 லட்சம் டாலர் அபராதம் செலுத்தியது. என்ஜின் தேய்மானத்தைக் குறைப்பதாக "ஸ்லிக் 50" விளம்பரங்கள் கூறியதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 1997-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஆதாரமின்றி அவ்வாறு கூற அந்நிறுவனத்துக்குத் தடை விதிக்கப்பட்டது.

புகை மறையும், நோய் மறையாது

கார் நீல நிறத்தில் புகை கக்கினால், எரியறைக்குள் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் வளையங்களோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கும். ஆயிலைக் கெட்டியாக்கும் குப்பியை ஊற்றினால் புகை சில காலம் குறையலாம். ஆனால், தேய்ந்த உலோகம் வளர்வதில்லை. குளிர்காலக் காலையில் கெட்டியான ஆயில் என்ஜினின் மேற்பகுதியை எட்டத் தாமதமாவதால், தேய்மானம் கூடவும் வாய்ப்புண்டு. கசடைக் கரைக்கும் திரவங்களிலும் அபாயம் உண்டு. நெடுநாள் படிந்த கசடு கட்டியாகப் பெயர்ந்து, ஆயிலை உறிஞ்சும் வடிகட்டியை அடைத்துவிட்டால் என்ஜினே பழுதாகும்.

இறுகிப்போன ரப்பர் சீல்களை மென்மையாக்கும் திரவங்கள் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. சிறு கசிவை அவை சில காலம் நிறுத்தக்கூடும். மற்றபடி, குப்பிக்கான பணத்தைக் கையேட்டில் கூறப்பட்ட தர ஆயிலை வாங்கவும், பில்டருடன் சேர்த்து அதைக் குறித்த காலத்தில் மாற்றவும் செலவிடுவதே பழைய என்ஜினுக்கு நல்லது.

அரசின் பொறுப்பு

தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் தவறிழைத்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. இதற்கான மத்திய ஆணையம் 2020 முதல் இயங்கி வருகிறது. இக்குப்பிகளின் வாக்குறுதிகளுக்கு ஆதாரம் கேட்க அதற்கு அதிகாரம் உண்டு.

இது கார் உரிமையாளரின் பணம் குறித்த பிரச்னை மட்டுமல்ல. வாகனத்தை வயதைக் கொண்டு அல்லாமல், நிலையைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பது பழைய கார் உரிமையாளர்களின் கோரிக்கை. அது நியாயமானதே. ஆனால், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்கான வழக்கமான சோதனை, பெட்ரோல் கார்களில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோ கார்பனையும்தான் அளக்கிறது. தில்லியின் காற்றைக் கெடுக்கும் நுண்துகள்களை அளப்பதில்லை. சோதனையைச் செம்மைப்படுத்தாமல் வயது வரம்பை மட்டும் நீக்கினால், ஆயிலை எரிக்கும் கார்களும் கெட்டியான ஒரு குப்பியின் துணையோடு சான்று பெற்று ஓடும். கார் பிழைக்கலாம், அதன் பின்னால் நடப்பவரின் நுரையீரலுக்கு எந்தக் குப்பியிலும் மருந்து இல்லை.