பூந்தமல்லியில் ஒரு பக்கத்து வீடு

நாட்றம்பள்ளியில் காலை ஆறே முக்கால் மணிப் பேருந்து பெண்களால்தான் நிரம்பும். பச்சூர், வெலக்கல்நத்தம் என்று சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து ஏறுவார்கள். மடியில் சாப்பாட்டுப் பை, ஈரம் காயாத தலை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. வாணியம்பாடி, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். பெரும்பாலோருக்குப் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். 2017 ஆகஸ்ட் மாதத்து முதல் வாரம் கழிந்த அந்தத் திங்கட்கிழமை மட்டும் யாரும் தூங்கவில்லை.

"பாத்தியா க்கா, அனுப்பியே வுட்டானுங்க."

"யாரு அனுப்புனா? அதுவாத்தான போச்சு. போற மாதிரி பண்ணிட்டாளுங்க."

"எனுக்கு ராத்திரி சோறே எறங்கல க்கா."

பேச்சு நடிகை ஓவியாவைப் பற்றியது. அந்த ஆண்டு ஜூன் 25 அன்று விஜய் டிவியில், கமல்ஹாசன் தொகுத்து வழங்க, தமிழ் 'பிக் பாஸ்' ரியாலிட்டி ஷோ தொடங்கியிருந்தது. கூட இருந்த பலரும் தன்னிடமிருந்து ஒதுங்கிப் போக, மன உளைச்சலோடு ஓவியா அந்த வாரக் கடைசியில் பிக் பாஸ் வீட்டைவிட்டு வெளியேறியிருந்தார். தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு பெண்ணுக்காகப் பச்சூர்க்காரி ஒருத்திக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அதைச் சின்ன விஷயமாக ஒதுக்கத் தோன்றவில்லை. ஜன்னலோரம் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புது அடையாள அட்டை. அவளோடு யாரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பேச்சைக் கேட்கிறாள் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

மனிதர்கள் ஏன் பிறரைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள் என்று பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990களில் ஆராய்ந்தார். பொது இடங்களில் மக்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டு வகைப்படுத்தியபோது, பேச்சில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யார் யாரோடு எப்படி இருக்கிறார்கள் என்ற சங்கதிகளாகவே இருந்தது. அவர் சொன்ன விளக்கம் இது: குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவை வளர்த்துக்கொள்கின்றன. மனிதக் கூட்டம் பெருத்துப்போனபோது எல்லோருக்கும் பேன் பார்க்க நேரம் போதவில்லை. அந்த வேலையைப் பேச்சு எடுத்துக்கொண்டது. நம் கிராமத்துத் திண்ணைகளில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். மகளின் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்த்தபடிதான் அம்மாக்கள் ஊர்க்கதையைத் தொடங்குவார்கள்.

ஆனால் ஊர்க்கதைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பேசுகிற இருவருக்கும் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். திண்ணையில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஷூ கம்பெனியின் லைனில்தான் பஞ்சம். வலது பக்கத்து மிஷினில் இருப்பவள் பேரணாம்பட்டுக்காரி, இடது பக்கம் ஜோலார்பேட்டை. ஒருத்தி வீட்டில் உருது, இன்னொருத்தி வீட்டில் தெலுங்கு. இவள் சித்தி மகளின் கல்யாணச் சண்டை அவளுக்கு எதற்கு? சொன்னாலும் யார் யாரென்று விளக்கவே சாப்பாட்டு நேரம் தீர்ந்துபோகும். அந்த இடத்துக்குத்தான் பூந்தமல்லிப் பக்கம் செட் போட்டுக் கட்டிய பிக் பாஸ் வீடு வந்து சேர்ந்தது. அங்கே இருப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். யார் எப்போது அழுதார், யார் யாரைப் பற்றிப் புறம் பேசினார் என்பதெல்லாம் முந்தைய இரவே தெரியும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒரே மேஜையில் உட்காரும் பெண்களுக்கு அது பொதுவான பக்கத்து வீடு ஆகிவிட்டது. ரியாலிட்டி ஷோக்களின் ஈர்ப்பில் முதல் பங்கு இதற்குத்தான் என்று நினைக்கிறேன். ஊரைவிட்டு வேலைக்கும் படிப்புக்கும் கிளம்பிய தலைமுறைக்கு, விட்டுவந்த திண்ணையின் இடத்தில் வேறொன்று தேவைப்படுகிறது.

இந்த வீட்டின் மூலம் நெதர்லாந்து. 1999 செப்டம்பரில் 'பிக் பிரதர்' என்ற பெயரில் அங்கே தொடங்கியது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் எல்லோரையும் கண்காணிக்கும் தலைவனின் பெயர் அது. இந்தியில் 2006இல் வந்தது, அதற்குப் பதினோரு ஆண்டு கழித்துத் தமிழுக்கு வந்தது. அடிப்படை ஏற்பாடு எங்கும் ஒன்றுதான். வெளியுலகத் தொடர்பை முழுக்க வெட்டிவிடு, போன், செய்தித்தாள் எதுவும் வேண்டாம். சிலரை ஒரே கூரையின் கீழ் பல வாரம் அடைத்துவை. ஒவ்வொரு வாரமும் யார் போகவேண்டும் என்று அவர்களையே பெயர் சொல்லச் சொல். பிறகு முடிவைப் பார்வையாளர்கள் கையில் கொடு.

இதில் மூன்றாவது விதிதான் உயிர்நாடி. அது ஏன் இவ்வளவு வலிமையாகத் தாக்குகிறது என்பதற்கு ஒரு பூங்காவில் நடந்த கதை உண்டு. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் உட்கார்ந்திருந்தபோது, யாரோ இருவர் வீசி விளையாடிய தட்டு அவர்மேல் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். அவர்கள் திரும்ப இவருக்கு வீசினார்கள். சில நிமிடம் மூவரும் விளையாடினார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் இவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனாலும் மனம் வலித்தது. அந்த வலியே அவருக்கு ஆராய்ச்சியானது. கணினியில் 'சைபர்பால்' என்று ஒரு விளையாட்டை உருவாக்கினார். திரையில் மூன்று பேர் பந்தை வீசிக்கொள்வார்கள். அதில் ஒருவர் நீங்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களை மறந்துவிடுவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. அந்தச் சில நிமிடத்திலேயே மனிதர்களின் தன்மதிப்பும், தான் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வும் சரிந்துவிடுகின்றன. 2003இல் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, உடல் வலியின்போது தூண்டப்படும் பகுதிகளில் ஒன்று இங்கும் தூண்டப்படுவது தெரிந்தது. இரண்டும் ஒரே வலிதானா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் ஒதுக்கப்பட்டவருக்கு வலிக்கிறது என்பதில் விவாதம் இல்லை.

2004இல் வந்த ஒரு முடிவு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. திரையில் எதிரே விளையாடுவது மனிதர்கள் இல்லை, வெறும் கணினி நிரல் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதித்தார்கள். அப்போதும் விளையாடியவர்களுக்கு வலித்தது.

ரியாலிட்டி ஷோ பார்ப்பவர்களிடம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "எல்லாம் ஸ்கிரிப்ட்தான்டி, இதுக்குப் போய் அழறியே." அந்தப் பேருந்துப் பெண்களுக்கு அது தெரியாமல் இல்லை. எதை வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள் என்று அவர்களே நுணுக்கமாகப் பேசிக்கொள்வார்கள். ஆனால் ஒருத்தி பேச வந்ததும் நான்கு பேர் எழுந்து போகும் காட்சியைப் பார்க்கும்போது, அது முன்பே திட்டமிட்டதா என்று வலியின்போது தூண்டப்படும் மூளையின் அந்தப் பகுதி விசாரிப்பதில்லை. கூட்டத்திலிருந்து தள்ளப்படுவது ஒரு காலத்தில் சாவுக்குச் சமம். அந்தக் காலத்தில் உருவான எச்சரிக்கை மணி இது. பொய்யாக அடித்தாலும் காது கேட்டுவிடும்.

இளையவர்களுக்கு இந்த மணி இன்னும் உரக்க ஒலிக்கிறது. 2010இல் லண்டனில் இதே பந்து விளையாட்டை வளரிளம் பெண்களுக்கும் வயதுவந்த பெண்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒதுக்கப்பட்டபோது இளையவர்களின் மனநிலைதான் அதிகம் வாடியது. அந்த வயதில் உலகமே சமவயதுக்காரர்கள்தான். அவர்கள் சேர்த்துக்கொள்வார்களா, சிரிப்பார்களா, பின்னால் என்ன பேசுவார்கள் என்பதே பெரிய கேள்வி. ஹாஸ்டல் அறையில், வகுப்பின் கடைசி பெஞ்சில், கம்பெனி லைனில் தினமும் அவர்கள் எழுதும் தேர்வு அது. பிக் பாஸ் வீட்டில் அதே தேர்வை இன்னொருவர் எழுதுகிறார். பார்ப்பவருக்குத் தோற்கிற ஆபத்து இல்லை, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கம்பெனி லைனை ஒரு நிமிடம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். ஷூவின் மேல்பகுதியை அப்பர் என்பார்கள். வெட்டிய தோல் துண்டின் ஓரத்தை ஒருத்தி மெலிதாகச் சீவுவாள், அடுத்தவள் பசை தடவி மடிப்பாள், அதற்கடுத்தவள் தைப்பாள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு. ஓரிடத்தில் பிசகினால் பின்னால் அப்பர்கள் குவியும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். தப்பு யாருடையது? பசை சரியாக ஒட்டவில்லை என்பாள் தைத்தவள். அவசரப்பட்டு இழுத்துவிட்டாள் என்பாள் மடித்தவள். யார் சொல்வது உண்மை என்பது கடைசிவரை துலங்காது. திட்டு மட்டும் யாராவது ஒருத்திக்கு விழும். பெரும்பாலும் பதில் பேசத் தெரியாதவளுக்கு.

இப்போது அந்த முதல் சீசனின் இரவு ஒன்பது மணித் தொலைக்காட்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒருத்தி சமையலறையில் என்ன கிசுகிசுத்தாள் என்பது நமக்குத் தெரியும். கன்ஃபெஷன் ரூமில் தனியாக என்ன ஒப்புக்கொண்டாள் என்பதும் தெரியும். வாழ்க்கை ஒருபோதும் தராத சலுகை அது: நடந்தது முழுவதையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்ப்பது. அந்த நாட்களில் வார இறுதியில் கமல்ஹாசன் வந்து நிற்பார், பஞ்சாயத்து கூடும், நடந்ததைக் குறும்படமாகப் போட்டுக் காட்டுவார். பொய் சொன்னவரின் முகம் மாறும். லைனில் வாய் திறக்காமல் திட்டு வாங்கியவளுக்கு அந்தக் கணம் எவ்வளவு இனிக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அந்த இனிப்புக்கும் ஆய்வு இருக்கிறது. ஜூரிச்சில் எர்ன்ஸ்ட் ஃபேர் குழுவினர் 2004இல் நடத்தியது. இருவரை இணைத்துப் பணம் கொடுத்தார்கள். ஒருவர் நம்பித் தன் பணத்தை மற்றவரிடம் தருவார். அவர் பங்கு தராமல் ஏமாற்றினால், ஏமாந்தவர் அவரைத் தண்டிக்கலாம். ஆனால் அதற்குத் தன் கைக்காசைச் செலவழிக்கவேண்டும். பலர் செலவழித்தார்கள். அந்த வேளையில் அவர்கள் மூளையில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி, எதிர்பார்த்த பரிசு கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதி, விழித்துக்கொண்டது. அநியாயம் செய்தவரைத் தண்டிப்பது மூளைக்குப் பரிசாகவே தெரிகிறது. முதல் சீசனில் கூகுளில் தேடிப் போட்ட வாக்கும், மிஸ்டு கால் கொடுத்துப் போட்ட வாக்கும் அந்தக் கைக்காசுதான். சூப்பர்வைசரை, வார்டனை, அத்தையை ஒன்றும் செய்யமுடியாத பத்தொன்பது வயதுக்காரிக்கு, ஒரு தீர்ப்பில் தன் பங்கும் இருக்கிறது என்பது பெரிய விஷயம்.

அந்த முதல் சீசனுக்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஜியோவின் போன் இணையம் வந்திருந்ததையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட் அப்பாவிடமோ பாட்டியிடமோ இருக்கும். போன் தன்னுடையது. எதைப் பார்ப்பது என்று முதல்முறையாகத் தானே முடிவெடுத்த பெண்கள் அந்தப் பேருந்தில் பலர்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ஐம்பது கேமரா என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 1200 மணி நேரம் பதிவாகும். நம் கண்ணுக்கு வருவது ஒரு மணி நேரம், விளம்பரம் போக இன்னும் குறைவு. எல்லாம் பார்த்துவிட்டோம் என்ற நிறைவு நமக்கு வருகிறது. ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நாம் பார்க்கவில்லை. ஒரு முகச்சுளிப்பை வேறொரு பேச்சுக்குப் பின்னால் ஒட்டினால் நல்லவள் கெட்டவளாகிவிடுவாள். அந்தக் கெட்டவள் வெளியே வந்து போனைத் திறக்கும்போது வசைகள் காத்திருக்கும். தண்டித்த சுகம் நமக்கு, வலி அவளுக்கு. அவள் நிரல் இல்லை, உடம்பும் மனமும் உள்ள ஒருத்தி. ஓவியாவுக்காக அழுதவர்களில் சிலரே, அவரை ஒதுக்கியதாகக் காட்டப்பட்டவர்களைச் சமூக வலைத்தளங்களில் காதால் கேட்கமுடியாத வார்த்தைகளால் ஏசினார்கள். ஒதுக்கப்பட்டவளுக்காக எழுந்த இரக்கம் இன்னொருத்தியை ஒதுக்குவதில் போய் முடிந்தது.

பேருந்து வாணியம்பாடியைத் தாண்டியபோது பேச்சு அந்த இடத்துக்கே வந்திருந்தது. "அவளுங்களையும் முழுசா காட்டி இருப்பானா க்கா?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பதில் சொல்லவில்லை. தோல் ஷாப்புகளின் வாடை ஜன்னல் வழியே வந்தது. சாப்பாட்டுப் பையை மடியில் சரிசெய்துகொண்டு, மூத்தவள் ஜன்னலோரம் திரும்பினாள்.

"ஏ பாப்பா, நீ பாக்குறியா பிக் பாஸு? நீ சொல்லு, யாரு மேல தப்பு?"

புதுப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அடையாள அட்டையை விரலால் சுற்றிக்கொண்டே, "முழுசா சொல்லட்டா க்கா?" என்றாள். ஆம்பூர் வரும்வரை அவள் நிறுத்தவில்லை.