`எனக்கு ரீடிங் செட்டாகாது'ன்னு சொல்ற டீனா நீங்க? இந்த 6 புத்தகங்களை ட்ரை பண்ணுங்க!

பத்தாவது படிக்கிற என் அக்கா பையனுக்கு, போன வருஷம் பிறந்தநாள் பரிசாக `பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வாங்கிக்கொடுத்தேன். இந்த வருஷம் போய்ப் பார்த்தால், முதல் பாகத்தின் 40-ம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. மற்ற நான்கும் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தன. ``எனக்கு ரீடிங் செட்டாகாது சித்தி" என்றான்.

தப்பு அவன்மேல இல்ல, என் மேலதான். நீச்சல் பழகாதவனை நேரா கடல்ல இறக்கிவிட்டா எப்படி? அடுத்து ஒரு சின்ன புத்தகம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எடுத்தவன், சாயங்காலமே போன் பண்ணி, ``இதே மாதிரி வேற இருக்கா?" என்று கேட்டான்.

படிக்கும் பழக்கம் வர முதலில் தேவை, ஒரு புத்தகத்தை முழுசா முடிச்ச சந்தோஷம். அதனால் இந்த லிஸ்ட், மெலிசான புத்தகத்தில் தொடங்கி தடிமனான புத்தகத்தில் முடிகிறது.

1. ஆயிஷா - இரா.நடராசன்

கேள்வி கேட்டே டீச்சர்களைத் திணறடிக்கும் ஒரு மாணவியின் கதை. அவளுடைய ஆசிரியை ஒரு அறிவியல் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரையாகவே மொத்தக் கதையும் வரும். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனா முடிவு ரொம்ப கனமானது. தூங்கப்போறதுக்கு முன்னாடி படிக்காதீங்க.

2. யானை டாக்டர் - ஜெயமோகன்

டாப்ஸ்லிப் காடுகளில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தி என்ற நிஜ மனிதரை வைத்து எழுதப்பட்ட நீண்ட சிறுகதை. `அறம்' தொகுப்பில் இருக்கிறது. எழுத்தாளரின் இணையதளத்தில் இலவசமாகவும் படிக்கலாம். படித்த பிறகு, காட்டில் உடைந்து கிடக்கும் ஒரு பாட்டிலைப் பார்த்தால் சும்மா கடந்து போக முடியாது.

3. வாடிவாசல் - சி.சு.செல்லப்பா

அக்கா பையனைப் பிடித்து இழுத்தது இதுதான். தன் அப்பாவின் உயிரைப் பறித்த காரிக் காளையை அடக்க பிச்சி வருகிறான். அது ஜமீன்தாரின் காளை. ஜெயிச்சாலும் ஆபத்து, தோத்தாலும் ஆபத்து. மொத்தக் கதையும் ஒரே ஜல்லிக்கட்டில் நடக்கிறது. 1959-ல் வந்த நாவல் என்றால் நம்பவே முடியாது. வட்டார வழக்கு முதல் சில பக்கங்களில் கொஞ்சம் தடுக்கும், பிறகு பழகிடும்.

4. பனி மனிதன் - ஜெயமோகன்

பனியில் ஒரு பிரமாண்டமான காலடித் தடம். அதைத் தேடி இமயமலைக்குள் போகும் சாகசப் பயணம். சிறுவர்களுக்காக எழுதப்பட்ட நாவல்தான். ஆனா பரிணாமம், மனித மனம் என்று அது தொடும் விஷயங்கள் பெரியவர்களையும் யோசிக்க வைக்கும்.

5. கொலையுதிர் காலம் - சுஜாதா

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மக்களே, இது உங்களுக்கு. வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மாட்டிக்கொள்ளும் மர்மம். நடப்பதெல்லாம் பேயின் வேலையா, விஞ்ஞானமா? அத்தியாயத்துக்கு அத்தியாயம் உங்க முடிவு மாறிக்கிட்டே இருக்கும். ராத்திரியில் படிப்பது உங்க சொந்த ரிஸ்க்!

6. பொன்னியின் செல்வன் - கல்கி

இப்போ கடல்ல இறங்கலாம். 1950 முதல் 1954 வரை `கல்கி' இதழில் தொடராக வந்த கதை இது. அடுத்த வாரமும் வாசகர் வரணுமே! அதனால் பல அத்தியாயங்கள் வெப் சீரிஸ் எபிசோடு மாதிரி, சஸ்பென்ஸில்தான் முடியும். ஆரம்பத்தில் நிறைய பெயர்கள் வந்து குழப்பும். எல்லாரையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். வந்தியத்தேவன் குதிரையை மட்டும் ஃபாலோ பண்ணுங்க. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால், `மதுரைத் திட்டம்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சின்ன டிப்ஸ்

* 20 பக்கம் படித்தும் பிடிக்கலையா? குற்ற உணர்ச்சியே வேண்டாம், மூடிட்டு அடுத்ததுக்குப் போங்க. அந்தப் புத்தகத்துக்கான வயசு பின்னாடி வரலாம்.
* போனில் படிப்பதாக இருந்தால் ஃப்ளைட் மோடு போட்டுடுங்க. ஒரு நோட்டிஃபிகேஷன் போதும், மொத்த மூடும் காலி.
* அதிக செலவில்லாமல் படிக்க, பக்கத்து அரசு நூலகத்தில் உறுப்பினர் ஆகலாம்.
* பெற்றோர்களுக்கு ஒண்ணு: படிச்சு முடிச்ச உடனே `இதுல என்ன கத்துக்கிட்டே?'ன்னு கேக்காதீங்க. `அப்புறம் என்னாச்சு?'ன்னு கேளுங்க. அவங்களே மொத்தக் கதையும் சொல்லுவாங்க.

அக்கா பையனோட அந்த பஸ் டிக்கெட், இப்போ பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது!