ஆறு பார்க்கும் அறை

என் பழைய மாணவன் ஒருவன் சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். கொழும்பிலே ஒரு கப்பற் கம்பனியில் கணக்காளனாக இருப்பவன். மனைவி, இரு குழந்தைகள், வயது முதிர்ந்த தாயார் ஆகியோருடன் சீன தேசத்துக்கு உல்லாசப் பயணம் போகப் போகிறானாம். குயிலின் நகரிலிருந்து லீ ஆற்றின் வழியே படகிற் செல்வது அவனுடைய நெடுநாளைய ஆசை. "உலகமெங்கும் கிளை பரப்பிய பெரிய ஹோட்டலில் அறை எடுப்பதா, ஆற்றோரத்துச் சிறு விடுதியில் தங்குவதா? சேர், நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று கடிதத்தை முடித்திருந்தான். பள்ளிக்கூடத்திற் புவியியல் கற்பித்த ஒரே குற்றத்துக்காக உலகத்து ஹோட்டல்களுக்கெல்லாம் நான் பொறுப்பாளியாகிவிட்டேன்!

சீனத்தை நான் படத்திலன்றி நேரிற் கண்டவனல்லன். ஆயினும் கரவனெல்லயிலே, களனி கங்கைக்கு அருகில் வாழ்பவன். கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டி வழியாக வரும் வீதி, அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் பெருவீதியைச் சந்திக்கும் இடம் எங்கள் ஊர். கித்துல்கலவுக்கு ஆறு பார்க்கப் போகிறவர்கள் எங்கள் சந்தியைக் கடந்தே போகிறார்கள். அவர்கள் எங்கே தங்குகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்பதை இருபது ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். அந்தத் துணிவில் அவனுக்கு எழுதிய பதிலையே சற்று விரித்து இங்கே தருகிறேன். விடுமுறைக் காலம் நெருங்குகிறது. சீனத்துக்குப் போகாதவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

லீ ஆற்றிலே பயணிகள் பெரும்பாலும் செல்லும் பகுதி, குயிலினுக்கும் யாங்ஷுவோ என்னும் சிற்றூருக்கும் இடைப்பட்ட 83 கிலோமீற்றர். கோடி கோடி ஆண்டுகளாக மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்துக் கரைத்துச் செதுக்கிய குன்றுகள் இருமருங்கிலும் கூம்பு கூம்பாக நிற்கின்றன. சிங்பிங் என்ற ஊருக்கு அருகிலுள்ள காட்சியைச் சீனர்கள் தங்கள் 20 யுவான் நோட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பெரிய படகுகள் காலையிற் புறப்பட்டு, சுமார் நான்கு மணி நேரத்தில் யாங்ஷுவோவை அடைகின்றன. அங்கே இறங்குகிறவர்களிற் பலர் மாலைக்குள் பஸ்ஸில் ஏறிக் குயிலினுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இதை எண்ணிப் பார்த்தால் கேள்வியின் பாதி தீர்ந்துவிடுகிறது. குயிலின் நகரத்துப் பெரிய ஹோட்டலில் இரண்டு இரவும் உறங்குகிறவன், இந்த ஆற்றைப் பட்டப்பகலில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு சேர்ந்து, நான்கு மணி நேரமே காண்கிறான். மலைகளுக்கிடையே வெயில் இறங்கும் வேளையும், விடியற்காலையில் நீரின் மேல் மூடுபனி தவழும் வேளையும் யாங்ஷுவோவிலோ சிங்பிங்கிலோ இரவு தங்கியவனுக்கே உரியவை. ஆறு பார்க்கப் போகிறவன் முதலிற் கேட்க வேண்டியது ஹோட்டலின் பெயரையன்று. எந்த வேளையில் தான் ஆற்றங்கரையில் இருப்பான் என்பதை.

அப்படியானால் பெரிய ஹோட்டல் வேண்டவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. சீனத்துக்கு வரும் அந்நியர், தாம் தங்குமிடத்தைப் பொலிசாரிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஹோட்டலில் தங்கினால் அந்தப் பதிவை ஹோட்டல்காரரே செய்துவிடுவார். வேறிடத்தில் தங்கினால் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தாமாகவே பதிந்துகொள்ள வேண்டும். மொழி தெரியாத ஊரில், இரவு பத்து மணிக்கு, தூக்கக் கலக்கத்திலிருக்கும் குழந்தைகளோடும் முழங்கால் வலிக்கும் தாயாரோடும் போய் இறங்குகிறவனுக்குப் பழக்கப்பட்ட பெயர்ப்பலகை பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆங்கிலம் விளங்கும் ஒருவர் முன்மேசையில் இருப்பார், மின்தூக்கி இருக்கும், மரக்கறி உணவு வேண்டுமென்றால் எழுதிக் காட்டாமலே சொல்லிப் புரியவைக்கலாம். குயிலினில் பேர்போன அரிசி நூடில்ஸ் வழக்கமாக இறைச்சிச் சாற்றோடு வருவது என்பதை என் மாணவனுடைய தாயாருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

ஆகவே முதல் இரவு குயிலினிற் பெரிய ஹோட்டல், மறு இரவு யாங்ஷுவோவில் ஆற்றோரத்து விடுதி, ஆனால் அந்த விடுதி அந்நியரைப் பதிந்து ஏற்றுக்கொள்ளுமா என்று முன்னரே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியது என்று எழுதினேன். கொழும்பிலுள்ள ஷங்ரி-லா ஹோட்டலின் சகோதரக் கிளை குயிலினிலும் இருக்கிறது. ஷங்ரி-லா என்பது 1933இல் ஜேம்ஸ் ஹில்டன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் தம் நாவலுக்காகக் கற்பனை செய்த மலைநாட்டின் பெயர். இல்லாத ஊரின் பெயரைச் சூடிய ஹோட்டல்கள் இருக்கின்ற ஊர்களிலெல்லாம் கிளை வைத்திருப்பது வேடிக்கைதான்.

தொடர் ஹோட்டல் என்பதை நாம் மேல்நாட்டுப் புதுமையாக எண்ணுகிறோம். நம் நாட்டில் வாடிவீடு என்ற ஒன்று அதற்கு முன்பே இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும், சுற்றுப்பயணம் போகும் அரசாங்க உத்தியோகத்தர் இடையிலே இளைப்பாறவும் இரவு தங்கவும் பெருவீதிகளில் வாடிவீடுகள் அமைக்கப்பட்டன. எங்கு போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான விறாந்தை, ஒரே மாதிரியான சாய்மனைக் கதிரை, ஒரே மாதிரியான சோறும் கறியும்! எங்கள் கேகாலை மாவட்டத்து அம்பேபுஸ்ஸ வாடிவீட்டை இலங்கையின் மிகப் பழையதென்று சொல்வர். 1966இல் இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனம் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட பின்னர், வாடிவீடுகள் பல அதன் கீழ் வந்தன. கித்துல்கல ஆற்றங்கரை வாடிவீடும் அவற்றுள் ஒன்றாயிருந்தது.

இந்த வாடிவீடுகளிலே இடம் யாருக்கு? முதலில் உத்தியோகத்தருக்கு, பிறகு தோட்டத்துத் துரைமாருக்கும் வசதியுள்ள பிரயாணிகளுக்கும். அந்தக் காட்சியையே உண்டாக்கிய மக்கள், காட்டை வெட்டித் தேயிலையும் இறப்பரும் நட்ட நம் பாட்டன் பாட்டிமார், வாசலோடு நடந்து போனார்கள். எந்தச் சட்டமும் அவர்களைத் தடுத்ததாக நான் அறியேன். ஆனால் தடையென்பது எப்பொழுதும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்க வேண்டுமென்பதில்லையே!

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவர் பன்னிருவரையும் பெற்றோர் சிலரையும் கித்துல்கலவுக்கு ஓர் இரவுப் பயணமாக அழைத்துச் சென்றோம். கரவனெல்லயிலிருந்து யட்டியாந்தோட்டை வழியாக ஒரு மணி நேரத்துக்குட்பட்ட பஸ் பயணம். அன்றுவரை இந்தப் பெற்றோரில் ஒருவர்கூட அங்கே இரவு தங்கியதில்லை. எந்த விடுதி என்ற ஆலோசனைக் கூட்டத்தில், பெயர் பெற்ற ஹோட்டலொன்றை நான் குறிப்பிட்டேன். தேயிலை கொய்யும் தாய் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அங்கே நம்மளை உள்ளே விடுவாங்களா, சேர்?"

கேள்வி கேட்டவர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் இன்னோர் ஆசிரியரும் ஒரு சனிக்கிழமை நேரிற் சென்று பார்த்தோம். முதலிற் போன ஹோட்டலில் 'ஆற்றுக் காட்சி அறை' என்று கூடுதற் கட்டணம் சொன்னார்கள். யன்னலைத் திறந்தால் எதிரே நீர்த்தாங்கியும் அதற்கப்பால் ஒரு பலாமரமும் தெரிந்தன. ஆறு எங்கே என்று கேட்டோம். உணவுக்கூடத்தின் இடப்பக்க மூலையில் நின்றால் தெரியும் என்றார்கள். அடுத்துப் பார்த்த சிறு விடுதியிற் பளிங்குத் தரை இல்லை. சுவருக்கு வெள்ளையடித்து நாளாகியிருந்தது. ஆனால் விறாந்தையிலிருந்து இருபது படி இறங்கினால் ஆறு. அதையே பிடித்தோம். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைத் திருத்தித் தருமாறு கேட்டோம், திருத்தினார்கள்.

கித்துல்கல ஆற்றைப் பற்றி ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த ஆற்றின் நீர் வானத்தை மட்டும் நம்பி ஓடுவதில்லை. மேலே மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா என்ற இரு கிளைகளும் மவுசாக்கலை, காசல்ரி ஆகிய நீர்த்தேக்கங்களில் அடைக்கப்பட்டிருக்கின்றன. பொறியியலாளர் விமலசுரேந்திர கனவு கண்ட திட்டம். 1950இல் பழைய லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் பொல்பிட்டிய முதலிய நிலையங்கள் அடுக்கடுக்காக வந்தன. இந்த அடுக்கின் கடைசிப் படியாகிய 35 மெகாவாற் புரோட்லண்ட்ஸ் திட்டத்தைக் கட்டியது ஒரு சீனக் கம்பனி. அணை வந்தால் சறுக்குநீர்ப் படகோட்டத்துக்கு நீர் போதுமா என்று அத்தொழிலை நம்பியிருக்கும் கித்துல்கல இளைஞர் கவலைப்பட்டனர். அவர்கள் படகு மிதப்பதும் தரை தட்டுவதும் மேலே எவரோ திறக்கும் மதகைப் பொறுத்தது.

சீனத்திலும் இதே கதைதான். யாங்சி ஆற்றின் முப்பள்ளத்தாக்கைப் பார்க்கக் கப்பலிற் செல்கிறவர்கள் இன்று காண்பது பெரும்பாலும் அணைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் ஏரியை. அதற்காகப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தம் ஊர்களை விட்டுப் பெயர்ந்தார்கள். லீ ஆற்றிலோ குளிர்கால மாதங்களில் நீர் குறைந்து படகுப் பயணம் சுருங்குவதுண்டு. பயணச்சீட்டு வாங்குமுன் அந்த வாரம் படகு எங்கிருந்து எதுவரை போகிறதென்று விசாரிக்கும்படி என் மாணவனுக்கு எழுதினேன்.

எங்கள் பயணத்தின் முதல் நாள் பிற்பகல். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. முழங்காலளவு தெளிந்த நீரில் பிள்ளைகள் கற்களின் மேல் தாவி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நானும் கரையிலே புத்தகத்தோடு சாய்ந்திருந்தேன். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். விடுதியில் தோட்டவேலை செய்யும் முதியவர் ஒருவர் படியிறங்கி விரைந்து வந்தார்.

"ஐயா, புள்ளைகளை மேலே கூப்பிடுங்க. தண்ணி வருது."

"மழையே இல்லையே, பெரியவரே?"

"அந்தக் கல்லைப் பாருங்க. இப்பத்தான் காஞ்சு கிடந்துச்சு. இப்ப நனையுது. மேலே தொறந்துட்டாங்க."

அழைத்தோம். இரண்டு பையன்கள் அரைமனதோடு வந்தார்கள். கால் மணி நேரம் ஆகியிராது; அவர்கள் நின்ற கற்களில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு சோடிச் செருப்பு கொழும்பை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. அந்தச் செருப்புக்குரிய பையனின் தாயார் முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அன்று முதல் விடுதி தேடும்போது நான் கேட்கும் கேள்வி வேறு. நட்சத்திரம் எத்தனை என்று கேட்பதில்லை. "தண்ணீரின் குணம் தெரிந்தவர் உங்களிடம் யார் இருக்கிறார்? அவர் பகலிலே இங்கே இருப்பாரா?" என்று கேட்கிறேன். பெரிய ஹோட்டலாயிருந்தால் எச்சரிக்கைப் பலகையும் உயிர்காப்பு அங்கியும் இருக்கும், அவையும் வேண்டியவையே. ஆனால் பலகை எழுந்து வந்து பிள்ளையைக் கூப்பிடாது. மழைக்காலமாயின் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அறைக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர் எவ்வளவு உயரம்? 2016 மே மாதத்து மண்சரிவுகளில் அரநாயக்கவிற் கிராமங்களும், எங்களுக்கு அண்மையிலுள்ள புளத்கொஹுபிட்டிப் பக்கத் தோட்டமொன்றில் லயமும் புதையுண்டதை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில், கட்டிய முற்பணம் போனாலும் போகட்டுமென்று பயணத்தை ஒத்திப் போடுவதே அறிவுடைமை.

அன்றிரவு விறாந்தையில் பிள்ளைகள் ஒரு பழைய புகைப்படத்தைச் சுற்றி நின்றார்கள். 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலத் திரைப்படத்துக்காகக் கித்துல்கலவிற் கட்டப்பட்ட மரப்பாலத்தின் படம். டேவிட் லீன் இயக்கியது. 1957 மார்ச்சில் பாலத்தை ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்துப் படமெடுத்தார்கள். ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. கதை நடப்பதோ சயாமில். ஜப்பானியர் 1942-43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் ரயில் பாதை போட்டபோது, வெள்ளைக்காரப் போர்க்கைதிகளினும் பன்மடங்கு தொகையினர் ஆசியத் தொழிலாளர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். பசியாலும் வாந்திபேதியாலும் அவர்கள் மாண்ட கதை அந்தப் படத்தில் இல்லை. இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்படியானால் நம் ஆட்களின் கதையை நம் ஆற்றிலேயே எடுத்துவிட்டு, நம் ஆட்களை விட்டுவிட்டார்களா, சேர்?" என்று கேட்டாள். பாடவேளையில் இப்படியொரு கேள்வி எனக்குக் கிடைத்ததேயில்லை. பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் விடியுமுன் நான் எழுந்து வந்தபோது, 'உள்ளே விடுவாங்களா' என்று கேட்ட அந்தத் தாய் எனக்கு முன்னரே விறாந்தைக் கதிரையில் அமர்ந்திருந்தார். கையில் தேநீர்க் கோப்பை. பனி மெல்ல விலகியது. கீழே ஆறு, எதிரே காடு, அதற்கு மேலே ஓரமாக ஒரு தேயிலை மலை. முப்பது ஆண்டுகளாக அத்தகைய மலையில் நின்று கீழே பார்த்தவர், முதன்முறையாகக் கீழே அமர்ந்து மேலே பார்க்கிறார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"அந்த மலைக்குக் கவ்வாத்துப் பிந்திப் போச்சு, சேர்" என்றார் அவர்.

இந்த விடுமுறையிலும் ஒரு வகுப்பு புறப்படுகிறது. அதே விடுதிக்குத்தான் சொல்லியிருக்கிறேன். முதியவர் இன்னும் அங்கே வேலை செய்கிறார் என்று தொலைபேசியிற் கேட்டறிந்த பிறகே முற்பணம் அனுப்பினேன்.